வெற்றிடம், தள்ளலாம்

சிஷ்யருக்கு வயது நாற்பத்தேழு. குருவுக்கு முப்பத்தொன்பது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த ஆய்வுக்கூடத்து வாட்ச்மேனுக்கே மூன்று வருடமாக இது பிடிபடவில்லை. சிஷ்யர் கோமதிநாயகம் ஆட்டோவில் வந்து இறங்கினால் எழுந்து நின்று வணக்கம் வைப்பார். குரு சகாயராணி ஸ்கூட்டரில் வந்தால், "சார் உள்ளதான் இருக்காரு, போங்க" என்று வழிவிடுவார். குருவும் சிஷ்யரும் அவரைத் திருத்தப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டார்கள்.

கோமதிநாயகம் அதற்குமுன் பதினெட்டு வருடம் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். ரத்தம் வரும். இயந்திரம் அதைப் படித்து ஆயிரக்கணக்கான வரிகளாகக் கொட்டும். அதில் எந்த வரி நோய், எந்த வரி சும்மா என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் கோப்பை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேரை அவரும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

பிறகு படிப்பு ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டு, தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன ஆய்வுக்கூடத்துக்கு வந்து, சகாயராணியிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அவர் 'மேடம்' என்று கூப்பிட, குரு 'சார்' என்று கூப்பிட, காரியம் நடந்துகொண்டிருந்தது.

படித்த பாடம் இதுதான். நம் உடம்பில் ஒரு செல்லுக்குள் இருக்கும் மரபு இழையை எடுத்து நீட்டினால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளும். அது அத்தனையும், கண்ணுக்கே தெரியாத ஓர் உருண்டைக்குள், உட்கருவுக்குள், மடங்கிக் கிடக்கிறது. கண்டபடி கிடக்கவில்லை. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதனதன் இடம் உண்டு. இழையை நீட்டிவைத்தால் வெகுதூரம் தள்ளி நிற்கிற இரண்டு இடங்கள், மடிப்பில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் இருக்கும் ஸ்விட்ச் வேறொரு மூலையில் இருக்கும் மரபணுவை வேலை செய்ய வைப்பது அப்படித்தான். எது எதைத் தொடலாம், எது எதைத் தொடவே கூடாது என்று பிரித்துவைக்க நடுநடுவே வரப்புகளும் உண்டு.

இதைப் பற்றிக் கோமதிநாயகம் தன் ஆய்வேட்டில் அறுபத்திரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார். நன்றாக வந்திருக்கிறது என்று குருவே சொன்னார்.

அது காலை வேலை. பிற்பகலில் வேறொரு வேலை இருந்தது. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள் அனுப்பும் ரத்தத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பது. பழகிய கையாயிற்றே என்று அதைக் கோமதிநாயகத்திடமே விட்டிருந்தார்கள். அவரும் அதே இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பெயர் செண்பகவடிவு. வடிவு என்றால் போதும் என்றாள். சங்கரன்கோவில் பக்கத்தில் ஓர் ஊர், வயது இருபத்தாறு இருக்கும். குழந்தைக்கு ஒன்றரை வயது. இரண்டு கையிலும் நடுவிரலும் மோதிரவிரலும் பிரியாமல் ஒட்டியிருந்தன.

கோமதிநாயகத்துக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. விரலைப் பிரிக்கப்போகும் டாக்டர், மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் ரத்தத்தையும், பிள்ளையின் தோலில் ஒரு துணுக்கையும் அனுப்பியிருந்தார். இவர் பார்த்து, 'மரபணுக்கள் எதிலும் குறை இல்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார். நல்ல சேதி சொன்ன ஆளுக்கு உரிய முகத்தோடு அவளை உட்காரச் சொன்னார்.

வடிவு கட்டைப்பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தாள். அதை லேமினேட் பண்ணியிருந்தார்கள்.

"எங்க மாமா செஞ்சாக" என்றாள்.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராம். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டவேண்டியிருக்கிறது, கசங்கிவிடக் கூடாது என்று லேமினேட் பண்ணி டி.வி. பக்கத்தில் சாய்த்துவைத்திருக்கிறாராம். அவர் வெளியூர் போயிருப்பதால் இன்றைக்குக் கேட்காமலே எடுத்துவந்தாளாம். தன் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கோமதிநாயகத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிடம் நீடித்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளும்மா."

"காய் நறுக்குனதா, வெளிய வந்ததா?"

அவருக்குப் புரியவில்லை. எதைக் கேட்கிறாய் என்றார். அவள் நிதானமாக, பஸ்ஸுக்கு வழி சொல்வது போலச் சொன்னாள்.

அவள் மாசமாக இருந்தபோது கிரகணம் வந்தது. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டக் கூடாது, அரிவாள்மணையைத் தொடக் கூடாது என்று ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டி, வயிற்றின் மேல் தர்ப்பையைப் போட்டு, மாமியார் வாசலிலேயே காவல் உட்கார்ந்தாள். முழுசாக நான்கு மணி நேரம், மாமியார் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. பிள்ளை விரல் ஒட்டிப் பிறந்ததும் ஜாடைப் பேச்சு கிளம்பியது. மாமியார் கண்ணசந்த கால்மணி நேரத்தில் இவள் எதையோ தொட்டிருக்கிறாள் என்று.

முதலில் அது வெறும் ஜாடைதான். டாக்டர் ரத்தம் எடுத்தபோது மாமனாரே சொன்னாராம், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று. ரிப்போர்ட் வந்தது. அவர் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தார். அப்பன் ரத்தம் சரி. ஆத்தா ரத்தம் சரி. பிள்ளை ரத்தமும் சரி. அப்படியானால் கோளாறு ரத்தத்துக்கு வெளியே நடந்தது. வெளியே நடந்தது என்ன? கிரகணம் ஒன்றுதான்.

 அந்தத் தலைமையாசிரியர் கணக்கில் எங்கே தப்பு என்று கோமதிநாயகத்துக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

"நீ எதையாவது தொட்டியாம்மா?"

"தொடலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஆனா ரிப்போர்ட்டே வந்துருச்சே. அப்போ தொட்டுத்தானே இருக்கணும். நான் மறந்துருப்பேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சொந்தக்காரர்களைக் கூட்டியிருக்கிறார்கள். அவள் தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். சொல்பேச்சு கேட்காதவளிடம் பிள்ளையை எப்படி விடுவது என்பது அவர்கள் நியாயம். அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் துபாயில். அம்மா அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பேசியவள் இல்லை. கணவன் திருப்பூரில் வேலை. ரிப்போர்ட்டை அவனும் வாசித்துப் பார்த்தானாம், ஒன்றும் சொல்லவில்லையாம்.

"சொல்லிரலாம்னுதான் இருக்கேன் சார். எதுன்னு தெரிஞ்சா அத மட்டும் ஒழுங்கா சொல்லிருவேன். மாத்தி வேற ஒண்ணச் சொல்லி, பிள்ளைக்கு இன்னும் ஏதும் வந்துரக் கூடாதுல்லா."

 கிரகணத்தால் விரல் ஒட்டாது, காய் நறுக்கினால் ஒன்றும் ஆகாது, அதெல்லாம் சும்மா பேச்சு என்று கோமதிநாயகம் படபடவென்று சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ எதுனால சார்?"

அவர் ரிப்போர்ட்டை வாங்கி மறுபடி படித்தார். காரணம் அதில் இல்லை.  அவள் அதைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்து, பதினொன்றே காலுக்கு பஸ் இருக்கிறது, வருகிறேன் சார் என்று எழுந்தாள். குழந்தை தோளுக்கு மேலாக அவரைப் பார்த்து டாட்டா காட்டியது. அவர் பதிலுக்குக் கையைத் தூக்கினார், கை பாதிவழியிலேயே நின்றுவிட்டது.

நேராகக் குருவின் அறைக்குப் போனார். ரிப்போர்ட்டின் அலுவலகப் பிரதியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. படித்த மனிதர், தலைமையாசிரியர், இப்படியும் ஒருத்தர் இருப்பாரா, போலீசில் சொன்னால் என்ன, கலெக்டருக்கு எழுதினால் என்ன என்று எங்கெங்கோ போனார்.

 சகாயராணி ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். அடியில் கோமதிநாயகத்தின் கையெழுத்து. அதற்கும் கீழே சகாயராணியின் கையெழுத்து. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாத்தையும் பார்த்தீங்களா சார்?"

"இருபதாயிரம் மரபணுவும் பார்த்தேன் மேடம். ஒண்ணு விடல. ஒவ்வொண்ணும் முழுசா இருக்கு."

"மரபணு இல்லாத இடம்?"

"அங்க என்ன மேடம் இருக்கு, வெற்றிடம்தானே."

பதினெட்டு வருடப் பழக்கம், யோசிக்காமல் வந்து விழுந்தது. சொன்ன ஆள் அறுபத்திரண்டு பக்கம் எழுதியவர் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. குரு அவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். வேறு குருவாக இருந்தால் அந்த வார்த்தையை அங்கேயே பிடித்திருப்பார்.

"சாப்பிட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாடு இறங்கவில்லை. எதிர்த்த டீக்கடையில் மூன்று மணிவரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். வேலையில் இறங்கினால் மனது கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தார். மைக்ராஸ்கோப் மூலையில் எட்டு ஸ்லைடுகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒளிரும் சாயம் ஏற்றியவை. ஆறு வார உழைப்பு, ஆய்வேட்டின் கடைசிப் படங்கள் அதில்தான் வரவேண்டும். அந்தச் சாயம் வெயிலைத் தாங்காது. அதனால் மேற்கு ஜன்னலுக்கும் அந்த மூலைக்கும் நடுவில் இரட்டையாகத் தைத்த கறுப்புத் திரை எப்போதும் தொங்கும்.

போய்ப் பார்த்தால் திரை இல்லை.

வெறும் கம்பிதான் இருந்தது. மூன்று மணி வெயில் தங்குதடையில்லாமல் வந்து எட்டு ஸ்லைடுகளின் மேலும் படுத்துக் கிடந்தது. சகாயராணி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் கறுப்புத் துணி.

கோமதிநாயகம் ஸ்லைடுகளை வாரி எடுத்து, ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. எட்டிலும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"யார் மேடம் திரையக் கழட்டினது?"

"நான்தான். நீங்க சாப்பிடப் போனதும்."

 அந்த நிமிடத்தில் அவர் குருவை வெறுத்தார். அதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, மனதார வெறுத்தார்.

"ஆறு வாரம் மேடம். எல்லாம் போச்சு."

"எப்படிப் போகும்? ஸ்லைடை நான் தொடல. எட்டும் நீங்க வெச்ச இடத்துலதான் இருந்துச்சு. ஜன்னலையும் தொடல. கட்டடம் கட்டின நாள்ல இருந்து அது அங்கதான் இருக்கு."

"திரைய எடுத்துட்டீங்களே!"

சகாயராணி மடியில் இருந்த துணியை எடுத்து விரித்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். உதறியும் பார்த்தார்.

"இதையா? இதுல ஒண்ணுமே இல்லையே சார். வெற்றிடம்."

கோமதிநாயகம் கத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. காலையில் தன் வாயிலிருந்து போன வார்த்தை திரும்பி வந்து காதில் விழுந்ததும், முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியதைப் போல ஆகிவிட்டது.

குரு துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"அந்த ரிப்போர்ட்ல என் கையெழுத்தும் இருக்கு. உங்க பதினெட்டு வருஷத்த நம்பி, உள்ள பார்க்காமப் போட்டேன். என் ஸ்லைடு ஏதாவது கைல இருந்திருந்தா அதையும் இந்த வெயில்லயே வெச்சிருப்பேன்."

சிஷ்யர் தன் கம்ப்யூட்டருக்குப் போனார்.

அவர் வேலை செய்யும் முறை இதுதான். இயந்திரம் கொட்டிய வரிகளில் ஒரு கட்டம் இருக்கும், 'இந்த இடத்தில் என்ன மரபணு' என்று. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை முதலில் மேலோட்டமாக ஓட்டிப் பார்த்து மொத்தமாக மறைத்துவிடுவார். முக்கால்வாசி கோப்பு அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சத்தைத்தான் ஊன்றிப் படிப்பார். இருபது நிமிடத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

குழந்தையின் கோப்பைத் திறந்து, மறைத்த வரிகளைத் திரும்ப வரவைத்தார். கம்ப்யூட்டர் திரை நிறைந்து வழிந்தது. ஒவ்வொன்றாக இறங்கினார். ஐந்து மணி தாண்டி, இரண்டாவது குரோமோசோமில், ஒரு வரியில் கண் நின்றது. அந்த இடத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. பெரிய துண்டுதான். மரபணு எதுவும் அதில் இல்லை. வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

'வெற்றிடம், தள்ளலாம்.'

தட்டச்சு செய்தது அவரே. கண்ணில் படாமல் போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பார்த்திருக்கிறார். பார்த்து, படித்து, எழுதிவைத்து, தள்ளிவிட்டிருக்கிறார்.

அந்தத் துண்டுக்கு ஒரு பக்கத்தில் விரல்கள் பிரிவதைக் கவனிக்கும் மரபணு. மறு பக்கத்தில் வேறொரு வேலைக்கான ஸ்விட்ச். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று நடுவில் இருந்த வரப்புதான் அந்தத் துண்டு. எங்கேயோ பார்த்த இடமாக இருக்கிறதே என்று தன் ஆய்வேட்டைப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் அதே இடத்தைப் படம் போட்டு, இந்த வரப்பு போனால் அந்த ஸ்விட்ச் தப்பான மரபணுவைத் தூண்டி, விரல்கள் பிரியாமல் போகும் என்று அழகாக விளக்கியிருந்தார்.

கோமதிநாயகம் எழுந்தார். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் அந்த வரியைப் பார்த்தார். குறிப்பு அங்கேயேதான் இருந்தது.

புதனும் வியாழனும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு நகரவில்லை. மூவரின் ரத்தமும் ஃப்ரீசரில் இருந்தது. அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார். அப்பாவிடம் துண்டு முழுசாக இருந்தது. அம்மாவிடமும் முழுசாக இருந்தது. யாரும் பிள்ளைக்குக் கொடுத்த குறை இல்லை அது. பிள்ளை உருவாகிற அந்த நொடியில், நகல் எடுக்கும்போது விட்டுப்போன துண்டு. அப்போது கிரகணமும் இல்லை, காயும் இல்லை, வடிவுக்குத் தான் மாசமாக இருப்பதே தெரிந்திருக்காது.

கறுப்புத் திரையைத் தன் கையாலேயே மாட்டினார். பிள்ளையின் தோலிலிருந்து வளர்த்துவைத்த செல்கள் கொஞ்சம் இருந்தன. வேறொரு குடும்பத்துக்காக எப்போதோ செய்த சாயம் இந்த இடத்துக்கும் பொருந்தியது. மரபணுவுக்குச் சிவப்பு, ஸ்விட்சுக்குப் பச்சை. வெள்ளிக்கிழமை மதியம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

உட்கருவுக்குள் இரண்டு ஜோடிப் புள்ளிகள். ஒரு ஜோடியில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று பார்த்தபடி விலகி நின்றன. இன்னொரு ஜோடியில் விலகல் இல்லை. சிவப்பின் மேல் பச்சை ஏறி, இரண்டும் கலந்து ஒரே மஞ்சள் பொட்டாக ஒளிர்ந்தது. அடுத்த செல்லிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். இருநூறு செல் எண்ணினார். பார்க்க அழகாக இருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

குருவைக் கூப்பிட்டுக் காட்டினார். சகாயராணி வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, வடிவு வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

உடனே போன் செய்தார். படிவத்தில் இருந்தது மாமனாரின் எண். அவரே எடுத்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து என்றதும் குரல் கனிந்துவிட்டது. உங்கள் ரிப்போர்ட் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவைத்தது, விஞ்ஞானத்துக்கு எப்போதும் தலைவணங்குகிறவன் நான் என்று சுத்தமான உச்சரிப்பில் நன்றி சொன்னார்.  புதிதாக ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறேன் சார் என்று மட்டும் கோமதிநாயகம் சொன்னார். அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருப்போம், வாசித்துவிடுகிறேன் என்றார் மாமனார்.

போனை வைத்தபோது கோமதிநாயகத்தின் சட்டை நனைந்திருந்தது.

சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து எழுதினார். இந்தமுறை இருபது நிமிடத்தில் முடியவில்லை. நான்கு தடவை கிழித்துப் போட்டார். என்ன துண்டு, எங்கே போயிற்று, போனதால் எது எதைத் தொட்டது எல்லாம் எழுதினார். பெற்றவர்கள் இருவரிடமும் இந்தக் குறை இல்லை என்று எழுதினார். தாய் சாப்பிட்டதோ, தொட்டதோ, பார்த்ததோ இதற்குக் காரணம் ஆக முடியாது என்று தமிழில் தனியாக ஒரு பக்கம் எழுதி, அதை மட்டும் எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்தார். மஞ்சள் பொட்டின் படத்தையும் சேர்த்தார். கூரியர் ஆபீசில் விசாரித்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால் ஞாயிறு காலை ஒன்பதுக்குள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம்.

உறையில் முகவரி எழுதிக் குருவிடம் கொண்டுபோனார்.

சகாயராணி இந்தமுறை ஒவ்வொரு வரியாகப் படித்தார். கணக்கைச் சரிபார்த்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழ்ப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பு ஏதாவது இருக்கா மேடம்?"

"ஒரு எழுத்துகூட இல்ல."

நான்கு நாளில் முதல் தடவையாகக் கோமதிநாயகம் மூச்சை முழுசாக விட்டார்.

"பழைய ரிப்போர்ட்லயும் ஒரு எழுத்து தப்பில்ல. வாசிச்சவங்க கைல அது என்ன ஆச்சு?" என்றார் குரு.

 அவர் குருவின் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் இல்லை அதில்.

"இன்னும் எளிமையா எழுதணுமா மேடம்? சொல்லுங்க, மாத்திடறேன். பன்னெண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு."

சகாயராணி காகிதங்களை உறைக்குள் போட்டார். மேலே எழுதியிருந்த மாமனாரின் பெயரைப் படித்தார். உறையை ஒட்டாமலே சிஷ்யரின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு அந்த வீட்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க. இந்தக் காகிதமும் அவங்க கைல இருக்கும். வடிவு பக்கத்துல யாரு உக்காருவா சார்?"